காசு நோட்டம்: சில்லறை நாணயங்களின் வேறுபாடு தெளியும் முறை

முன்னுரை

சங்கப் புலவர் சிலருடைய பெயர்களில் 'வண்ணக்கன்' என்னும் சொல் அடையாக வருகின்றது. வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் முதலிய பெயர்கள் தமிழ் பயில்வார் நன்கறிந்தவை. நாணயத்தின் மாற்றையும் நிறையையும் ஆராய்ந்து கூறுவோன் வண்ணக்கன் எனப்பட்டான் என்பர். பிற்காலத்தே இத்தொழில் 'நோட்டம்' என்றும், அதனைச் செய்வோன் 'நோட்டக்காரன்' என்றும் வழங்கலாயின. 'நாணயம்' என்னும் சொல் காசினையும் நேர்மையினையும் ஒருங்கே குறித்தலும் ஈண்டு நினையத்தக்கது. காசு பொய்த்தால் வாணிகம் பொய்க்கும் என்னும் அச்சத்தினின்றும் எழுந்த தொழில் இது.

அத்தொழிலாளர் இன்று இலர். ஆயின் அவர்தம் தொழிலுக்கு இடமாயிருந்த ஐயம் இன்றும் உண்டு. அண்மையில் எம் மாணாக்கர் ஒருவர் பேருந்திலும் கடைவீதியிலும் தமக்குக் கிடைத்த சில்லறையினின்றும் நான்கு காசுகளைத் தெரிந்தெடுத்து எம்பாற் கொணர்ந்தார். முதலாவது, 2000ஆம் ஆண்டு பொறித்த ஐந்து ரூபாய். அது 2008ஆம் ஆண்டின் ஐந்து ரூபாயோடு நிறத்தாலும் அகலத்தாலும் ஒத்திருந்தும், நிறையால் அதனினும் ஒன்றரை மடங்காயிருந்தது. இரண்டாவது, 2012ஆம் ஆண்டின் இரண்டு ரூபாய். அதன் நிறை பழைய ஒரு ரூபாயின் நிறையாகவே இருந்தது. மூன்றாவது, விளிம்பில் இளம்பிறை வடிவாகக் குறைந்த ஒரு ரூபாய். நான்காவது, போலியென்று கடைக்காரர் ஒருவர் வாங்க மறுத்த பத்து ரூபாய்.

நான்கும் பிழைபட்டன என்பது மாணாக்கர் கருத்து. யாம் ஆராய்ந்த அளவில், மூன்று காசுகளிற் பிழையே இல்லை. ஒன்றே அக்கசாலையிற் பிழைபட்டது. இம்முடிவிற்கு யாம் வந்த நெறியினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். கல்வெட்டும் ஏடும் ஆராய்வார்க்கு இந்நெறி புதியதன்று. அவர்தம் நெறியே காசிற்கும் பொருந்தும் என்பது இறுதியில் விளங்கும்.

ஆண்டே முதற் சான்று

விந்தையான காசொன்று கிடைத்தவுடன், 'இஃது ஏன் மாறுபட்டுள்ளது?' என வினவுதல் இயல்பு. அதற்கு முன்னர் வினவத்தக்கது, 'எதனின் மாறுபட்டுள்ளது?' என்பதாகும். நம் கையிலுள்ள மற்றொரு காசு அளவுகோல் ஆகாது. அக்காசு பொறிக்கப்பெற்ற ஆண்டில் அரசு விதித்த நிறை, அகலம், உலோகம் ஆகிய மூன்றுமே அளவுகோல் ஆம். இவ்விதி ஒருநிலையில் நின்றதன்று என்பதை ஒரு ரூபாயின் வரலாறு நன்கு காட்டும்.

1939 வரை: பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, நிறை 11.66 கிராம்.
1940 முதல்: பாதி வெள்ளி, எஞ்சியது செம்பு, நிக்கல், துத்தநாகம், நிறை 11.66 கிராம்.
1947 முதல்: தூய நிக்கல், நிறை 11.66 கிராம்.
1962 முதல்: நிக்கல், நிறை 10 கிராம்.
1975 முதல்: செம்பும் நிக்கலும் கலந்தது, நிறை 8 கிராம், அகலம் 28 மில்லிமீட்டர்.
1983 முதல்: அதே கலவை, நிறை 6 கிராம், அகலம் 26 மில்லிமீட்டர்.
1992 முதல்: துருவேறா எஃகு, நிறை 4.85 கிராம், அகலம் 25 மில்லிமீட்டர்.
2011 முதல்: துருவேறா எஃகு, நிறை 3.79 கிராம்; அகலம் 22 மில்லிமீட்டர்.

இப்பட்டியலினின்றும் இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, நிறை மாறாதிருக்கவே உலோகம் மாறுதல் கூடும். 1939, 1940, 1947 ஆகிய மூன்று நிலைகளிலும் நிறை ஒன்றே. ஆயினும் முதலதில் வெள்ளியே பெரும்பான்மை, இரண்டாவதில் அது பாதி, மூன்றாவதில் வெள்ளி சிறிதும் இல்லை. தராசை மட்டும் நம்புவோன் ஈண்டு ஏமாறுவான். இரண்டாவது, ஒரு மதிப்பிற்குரிய அளவு பின்னர் வேறொரு மதிப்பிற்கு உரியதாதல் கூடும். 1988 முதல் எஃகினால் வந்த ஐம்பது பைசாவின் நிறை 3.79 கிராம், அகலம் 22 மில்லிமீட்டர். 2011இல் அவ்வளவே ஒரு ரூபாயின் அளவாயிற்று. அவ்வாறே 1992 முதல் ஒரு ரூபாய்க்கு உரியதாயிருந்த 4.85 கிராமும் 25 மில்லிமீட்டரும் 2011இல் இரண்டு ரூபாய்க்கு உரியவாயின.

மாணாக்கர் கொணர்ந்த இரண்டாவது காசின் ஐயம் இதனால் தீர்ந்தது. ஒரு ரூபாய்க்கென வெட்டிய தகட்டில் இரண்டு ரூபாய் அச்சு தவறி விழுந்தது என அவர் கருதினார். அவ்வாறான பிழைகள் உலக அக்கசாலைகளில் நிகழ்வனவே. ஆதலின் அவர் கருத்து அறிவுக்கு ஒவ்வாததன்று. ஆயின் 2012ஆம் ஆண்டின் இரண்டு ரூபாய்க்கு விதித்த நிறையே அதுவாதலின், பிழை காசில் இல்லை. ஒப்பிட்ட முறையிலேயே உள்ளது.

பத்து ரூபாயின் ஐயமும் இவ்வகையினதே. இரு உலோகங்களாலான இக்காசு 2009இல் மக்களிடையே வழங்கத் தொடங்கியது. ரூபாய்க்குரிய தனிக்குறியீடு 2010இல் ஏற்கப்பெற்று, 2011 முதல் காசுகளில் இடம்பெற்றது. எனவே குறியீடு இல்லாத பதினைந்து கதிர்க் காசும், குறியீடு உள்ள பத்துக் கதிர்க் காசும் ஒரே காலத்தில் புழங்கின. ஒன்று மெய்யாயின் மற்றொன்று பொய்யாதல் வேண்டும் என மக்கள் எண்ணினர். தமிழ்நாட்டிற் பலவிடங்களில் வணிகரும் நடத்துநரும் இக்காசினை வாங்க மறுத்தனர். இந்திய ரிசர்வ் வங்கி 2018 சனவரி 17ஆம் நாள், அதுகாறும் வெளிவந்த பதினான்கு வடிவப் பத்து ரூபாய்க் காசுகளும் செல்லும் என விளக்கம் வெளியிட்டது. ஈண்டு இழப்புற்றோர் காசு திரட்டுவோர் அல்லர். அன்றாடம் சில்லறையே வருவாயாகப் பெறும் சிறு வணிகரும் கூலியாளருமே ஆவர். அளவுகோல் அறியாமையின் விளைவு எத்துணைப் பெரிது என்பதற்கு இதுவே சான்று.

தராசும் காந்தமும் நீரும்

விதித்த அளவினை அறிந்தபின், கையிலுள்ள காசினை அதனோடு ஒப்பிடல் வேண்டும். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு, அகலமும் தடிப்பும் அளக்கும் கருவி, ஒரு காந்தம், ஒரு குவளை நீர் ஆகியவை இதற்குப் போதும்.

காந்தத்தைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான கருத்து உண்டு. காந்தம் இழுத்தால் அஃது இரும்பு. இரும்பாயின் கள்ளக்காசு என்பர். மேற்காட்டிய பட்டியலை நோக்குக. நிக்கல் காந்தத்தால் இழுக்கப்படும். ஆதலின் 1947, 1962 ஆகிய ஆண்டுகளின் ரூபாய்கள் இழுக்கப்படுவன. செம்பும் நிக்கலும் முக்காலும் காலுமாகக் கலந்த கலவை இழுக்கப்படாது. ஆதலின் 1975, 1983 ஆகிய ஆண்டுகளின் ரூபாய்கள் இழுக்கப்படா. 1992 முதல் வந்த எஃகு ரூபாய்கள் மீண்டும் இழுக்கப்படும். எனவே காந்தம் மெய் பொய் காட்டுவதன்று, உலோகம் காட்டுவது. அவ்வுலோகம் அவ்வாண்டிற்கு உரியதா என ஆராய்தலே நம் கடன். 1992ஆம் ஆண்டினது எனப் பொறித்த எஃகு ரூபாய் காந்தத்தை நாடாதிருப்பின், அப்பொழுதே ஐயுறுதல் தகும்.

நீரினாற் காணும் ஆய்வு ஆர்க்கிமிடீசு கண்ட விதியைச் சார்ந்தது. காசினை முதலில் காற்றில் நிறுக்க. பின்னர் மெல்லிய நூலிற் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாவண்ணம் நீருள் தொங்கவிட்டு நிறுக்க. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு காசு விலக்கிய நீரின் நிறையாகும். காற்றிற் கண்ட நிறையை அவ்வேறுபாட்டால் வகுக்க வருவது ஒப்படர்த்தி. செம்பு, நிக்கல் கலவைக்கு இது 8.9 அளவும், காசிற்குரிய எஃகிற்கு 7.7 அளவும் ஆகும். காசின்மேல் நீர்க்குமிழி ஒட்டியிருப்பின் கணக்குப் பிழைபடும். அதனை முன்னரே அகற்றுதல் வேண்டும்.

இவ்வாய்வினால் முதற்காசின் ஐயம் நீங்கிற்று. 2000ஆம் ஆண்டின் ஐந்து ரூபாய் 9 கிராம் நிறையுடையது. நீரில் ஏறத்தாழ 1.01 கிராம் இழந்தது. 2008ஆம் ஆண்டினது 6 கிராம் நிறையுடையது. நீரில் ஏறத்தாழ 0.78 கிராம் இழந்தது. முன்னதன் ஒப்படர்த்தி 8.9, பின்னதனது 7.7. நிறை ஒன்றரை மடங்காயினும் பருமன் ஏறத்தாழ ஒன்றே கால் மடங்கிற்குச் சிறிது மிகுதியே. எனவே தடிப்பு ஒன்றே நிறை மிகுதிக்குக் காரணமன்று, உலோகமும் வேறு. 1992 முதல் செம்பு, நிக்கல் கலவையால் 9 கிராமாக வந்த ஐந்து ரூபாய், 2007இல் 6 கிராம் எஃகாக மாறிற்று; 2009 முதல் அதே 6 கிராமில் மஞ்சள் நிற நிக்கல் பித்தளையாயிற்று. இம்மூன்றும் 23 மில்லிமீட்டர் அகலமே உடையன. அகலம் ஒத்திருந்தமையே மாணாக்கரை மயக்கியது.

தேய்வும் காயமும்

விதித்த அளவினோடு ஒவ்வாமை உறுதிப்பட்டபின், அடுத்து நோக்கத்தக்கது காசு அக்கசாலையை விட்டு வந்தபின் அதற்கு நேர்ந்தவை. இவை இருவகைப்படும்: புழக்கத்தால் வரும் தேய்வு ஒன்று, பிறர் செயலால் வரும் காயம் மற்றொன்று.

தேய்வு எப்பொழுதும் மேட்டிலேயே தொடங்கும். எழுத்தின் முகடும் சிங்கமுகத்தின் உயர்ந்த பகுதியும் முதலில் மழுங்கும். பள்ளங்களில் பழைய மெருகு எஞ்சி நிற்கும். பழைய வெள்ளி ரூபாயின் திறத்தில் இத்தேய்வினைச் சட்டமே கருத்திற் கொண்டது. 1906ஆம் ஆண்டின் இந்திய நாணயச் சட்டம், விதித்த நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கிற்கு மேற் குறைந்த ரூபாய் செல்லுங் காசாகாது என வரையறுத்தது. கடினமான எஃகுக் காசு அத்துணை விரைவில் தேய்வதில்லை; ஆதலின் எஃகுக் காசில் மிகுந்த நிறைக்குறைவு காணின், தேய்வினைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது.

புளிமமோ அமிலமோ தின்ற காசு இதனின் வேறு. மேடும் பள்ளமும் ஒருங்கே குறைந்து, பரப்பு முழுதும் பொரிந்தாற்போல் தோன்றும், எழுத்துகள் மெலியும், விளிம்பும் இளைக்கும். மெல்லியதாகவும் நிறை குறைந்தும் இருத்தலின், மெல்லிய தகட்டில் அச்சிட்ட அரிய காசென இதனைக் கருதி மயங்குவார் பலர். இருப்புப்பாதையில் வைத்து வண்டியேறப் பெற்ற காசு அகன்று தட்டையாகும். ஆயின் அதன் நிறை குறையாது. பதக்கமாக அணியப்பெற்றதில் பற்றாசின் தழும்பு இருக்கும். பொன்முலாம் பூசியதில் முலாம் நிறையைச் சிறிது கூட்டுமேயன்றிக் குறைக்காது.

துளையுள்ள காசெல்லாம் காயமுற்றது என்றும் துணிதல் ஆகாது. 1943 முதல் 1947 வரை வந்த காலணா, போர்க்காலத்தில் உலோகத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு நடுவே துளையுடன் அச்சிடப்பெற்றது. அத்துளையைச் சுற்றி வடிவமைப்பு ஒழுங்காக அமைந்திருத்தலே அது விதித்த துளை என்பதற்குச் சான்று. பின்னர் இட்ட துளை எழுத்தையும் உருவத்தையும் ஊடறுத்துச் செல்லும்.

அக்கசாலைப் பிழைகள்

மேற்கூறியவை எவற்றாலும் விளங்காத வேறுபாடு எஞ்சுமாயின், அக்கசாலைப் பிழையென ஆராயலாம். காசு உருவாதல் மூன்று படிகளில் நிகழும்: உலோகப் பட்டையினின்றும் வட்டத்தகடு வெட்டப்படும், மேலும் கீழும் உள்ள அச்சுகள் எஃகிற் செதுக்கப்படும், வளையமொன்றினுள் தகட்டினை வைத்து அச்சுகள் அதனை அழுத்தும். எனவே பிழையும் தகட்டுப் பிழை, அச்சுப் பிழை, அடிப்புப் பிழை என மூவகைப்படும்.

இவற்றுள் அச்சுப் பிழை ஏனைய இரண்டினின்றும் ஒரு முதன்மையான வகையால் வேறுபடும். அச்சு ஒன்று, அதனின்றும் பிறக்கும் காசுகள் பல்லாயிரம். அச்சில் வெடிப்பு உண்டாயின், அதன்பின் அவ்வச்சு பொறித்த காசு ஒவ்வொன்றிலும் அவ்வெடிப்பு அதேயிடத்தில் தோன்றும். தகட்டுப் பிழையும் அடிப்புப் பிழையும் பெரும்பாலும் ஒரு காசோடு ஒழியும். ஏடு ஆராய்வார் இதனை நன்கறிவர். மூல ஏட்டிற் புகுந்த பிழை அதன் படிகள் அனைத்திலும் தொடரும். படியெடுத்தோன் ஒருவன் கைசோர்ந்த பிழை அவனது ஏட்டில் மட்டும் நிற்கும். இரண்டனையும் பிரித்தறியாது பாடங்கொள்வோன் எவ்வாறு இடர்ப்படுவானோ, அவ்வாறே காசு காண்போனும் இடர்ப்படுவான்.

அச்சுப் பிழையைக் காயத்தினின்றும் பிரிக்க எளிய விதியொன்று உண்டு. அச்சில் உள்ள வெடிப்பினுள் உலோகம் பாய்தலின், காசில் அஃது எழுந்த கோடாகத் தோன்றும். காசின்மேற் கீறியது குழிந்த கோடாகவே இருக்கும். எழுந்தது அச்சின் குறை. குழிந்தது பெரும்பாலும் புழக்கத்தின் வடு. அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் அழுக்கும் அடைந்தால் எழுத்து மறைந்தோ மங்கியோ தோன்றும். அதனை வைத்து எழுத்து விடுபட்ட புதுவகைக் காசெனல் ஆகாது.

அடிப்புப் பிழைகளுள் மூன்று குறிக்கத்தக்கன. தகடு நடுவில் அமையாது விலகிய நிலையில் அழுத்தப்படின் உருவம் ஒருபால் ஒதுங்கி, மறுபால் வெறுமையாய் நிற்கும். முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ளின், அடுத்த தகட்டின் ஒரு பக்கத்தில் அதன் உருவம் குழிந்தும் இடவலம் மாறியும் பதியும். அச்சு தளர்ந்து திரும்பின் இரு பக்கமும் நேர்படா. இந்தியக் காசினை நிமிர்ந்த நிலையிற் பிடித்து இடவலமாகத் திருப்பினால் மறுபக்கமும் நிமிர்ந்தே இருத்தல் முறை. இம்மூன்றிலும் நிறை மாறுவதில்லை. நிறையும் குறைந்திருப்பின் தகட்டினையே ஐயுறல் வேண்டும்.

மூன்றாவது காசின் நிலை இத்தகையதே. 1992க்குப் பிற்பட்ட எஃகு ரூபாயாதலின் 4.85 கிராம் இருத்தல் வேண்டும், இருந்தது 4.5 கிராமே. விளிம்பிற் பிறை வடிவாகக் குறைவு இருந்தது. பட்டையினின்றும் தகடுகளை வெட்டுங்கால், பட்டை போதிய அளவு நகராதாயின், முன் வெட்டிய துளையின் ஒரு பகுதி அடுத்த தகட்டினுட் புகும்; அதுவே பிறைக்குறை. ஆயின் அரத்தால் அராவியும் இவ்வடிவம் செய்தல் கூடும். யாம் இருவகையால் துணிந்தோம். பிறையை அடுத்த எழுத்துகள் வெட்டுண்டு நில்லாது, குறையை நோக்கி மெலிந்து இழுபட்டிருந்தன. அழுத்தும்போதே அங்கு உலோகம் இல்லாதிருந்தமையை இது காட்டும். மேலும், பிறைக்கு நேரெதிரே உள்ள விளிம்பின் வரம்பு எழும்பாது மங்கியிருந்தது. வரம்பு உயர்த்தும் பொறியில், ஒருபுறம் குறைந்த தகடு எதிர்ப்புறத்தும் போதிய அழுத்தம் பெறாமையே இதன் காரணம். இதனைப் பிளேக்ஸ்லி விளைவு என்பர். அராவிய காசில் இது தோன்றாது. எனவே இக்காசு அக்கசாலையிலேயே பிழைபட்டது எனத் தெளிந்தோம்.

அக்கசாலைக் குறிகளும் மயக்கம் தருவன. ஆண்டின் கீழ் விண்மீன் காணின் ஐதராபாத்து. புள்ளி காணின் நொய்டா. சாய்சதுரம் காணின் பெரும்பாலும் மும்பை. குறியின்மை கல்கத்தாவைக் காட்டும். 1985ஆம் ஆண்டின் ரூபாய்கள் சில அயல்நாட்டில் அச்சிடப்பெற்றன. அவற்றுள் 'எச்' என்னும் எழுத்துடையன பர்மிங்காமில் வந்தன. இக்குறிகளின் வேற்றுமை பிழையுமன்று, போலியுமன்று.

போலி என்னும் முடிவு

போலிக் காசுகளே இல்லை என்பது எம் கருத்தன்று. வார்ப்பினாற் செய்த போலியில் பரப்பு மணல் போற் பொரிந்திருக்கும். சிறு குமிழ்த் தழும்புகள் காணப்படும். எழுத்தின் ஓரம் கூர்மையற்றிருக்கும். விளிம்பைச் சுற்றி இரு பாதிகள் இணைந்த கோடு தோன்றுதலும் உண்டு. நிறை, காந்தம், ஒப்படர்த்தி மூன்றும் அவ்வாண்டின் விதியோடு ஒருங்கே ஒத்தமைதல் போலிக்கு அரிது. ஆயின் இம்முடிவு இறுதியிற் கூறத்தக்கது, முதலிற் கூறத்தக்கதன்று. இதனை முதலிற் கூறியமையாலேயே நல்ல பத்து ரூபாய்க் காசு ஏழையின் கையில் செல்லாக்காசாயிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், விந்தைக் காசினை ஆராயும் முறை ஐந்து படிகளாக அமையும். அவ்வாண்டின் விதியோடு ஒப்பிடுக. புழக்கத்தின் தேய்வினைக் கழிக்க. பிறர் செய்த காயத்தினை விலக்குக. அதன்பின் அக்கசாலைப் பிழையை நாடுக. ஒன்றும் பொருந்தாவிடின் போலி எனத் துணிக. மக்கள் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுகின்றனர். ஒருவர் போலியென வெருவுகின்றார். மற்றொருவர் பெருவிலை பெறும் அரும்பொருளென மகிழ்கின்றார். இருவரும் செய்யும் பிழை ஒன்றே.

அரிய பாடம் கண்டோம் என மகிழும் இளம் ஆராய்ச்சியாளர்க்கும் இஃது ஓர் அறிவுரை ஆகும். முதலில் அக்கால வழக்கினை நோக்குக. அடுத்து ஏட்டின் சிதைவினை நோக்குக. அதன்பின் எழுதினோன் பிழையை நோக்குக. இவற்றால் தீராதபொழுதே புதுமை கூறுக. மாணாக்கர் தம் நான்கு காசுகளையும் திரும்பப் பெற்றுச் சென்றார். பிறைக்குறையுள்ள ரூபாயை மட்டும் தனியே காத்தனர். ஏனைய மூன்றையும் அன்று மாலையே பேருந்தில் செலவிட்டனர் என அறிந்தோம். அவை செல்லுங் காசுகளே. செல்லவேண்டிய இடத்திற்கே சென்றன.